பாலைப் பூவில் மஞ்சள் கறை

மரத்தில் மரம் பதிக்கிற பதிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, நான் சொல்லப்போவது உங்களில் பாதிப் பேருக்குத் தேவைப்படாது. எல்லாம்தான் வீடியோவில் இருக்கிறதே. கருத்த ஈட்டி மரப் பலகையில் பள்ளம் தோண்டி, அதில் வெள்ளை மரத்தை வெட்டி உட்கார வைப்பது எப்படி என்று ஒரு வெளிநாட்டுக்காரர் சட்டையில் தூசி படாமல் செய்து காட்டுகிறார். நானும் பார்த்தேன். அவர் பட்டறையில் முதலாளி இல்லை, முதலாளியின் மச்சான் இல்லை, ஐப்பசி மழை இல்லை. அப்படி ஒரு இடம் கிடைத்திருந்தால் நானும் சட்டை கசங்காமல் ஓய்வு பெற்றிருப்பேன்.

நான் வேலை பார்த்தது கடலூர் முதுநகரில், ஜங்ஷனுக்குப் பின்பக்கம் இருந்த ஒரு பட்டறையில். பதிப்பு வேலைக்கு மேஸ்திரி. பெயர் காசிம். ஆனால் அந்தப் பெயர் சம்பள ரசீதில் மட்டும்தான் இருந்தது. வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் நான் 'பாய்'தான்.

வெள்ளைக்கு நாங்கள் எடுத்தது வெப்பாலை. பட்டறைப் பேச்சில் வெறும் பாலை. தந்தம் மாதிரி இருக்கும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். அதை யானையிடம்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை, இழை கண்ணுக்குத் தெரியாத, கத்திக்கு முரண்டு பிடிக்காத நல்ல மரம். ஒரே ஒரு கெட்ட பழக்கம், எதைக் கொடுத்தாலும் குடித்துவிடும். கை வியர்வை, டீ, ஆணித் துரு, பக்கத்தில் இருக்கும் ஈட்டியின் தூள், எல்லாவற்றையும். வெள்ளைச் சட்டையோடு மீன் குழம்புப் பந்தியில் உட்கார்ந்தவனுக்கு எவ்வளவு கவனம் வேண்டுமோ, பாலிஷ் ஏறும் வரை பாலைக்கும் அவ்வளவு கவனம் வேண்டும்.

அந்தக் கவனம் எங்கள் பட்டறையில் ஒருவரிடம்தான் முழுசாக இருந்தது. கலைச்செல்வி. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். மெழுகவும் துடைக்கவும் வந்தவள் பாலிஷ் கற்றுக்கொண்டு, கடைசியில் மற்றவர்கள் கெடுத்த பாலிஷைச் சரி செய்கிற ஆளாகிவிட்டாள். வீட்டுக்காரர் படுத்த படுக்கை. பையன் பாலிடெக்னிக்கில். இவள் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நிற்கும். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

சிதம்பரத்தில் ஒருவர் புது வீடு கட்டியிருந்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தலைவாசல் கதவுக்கு எங்களிடம் ஆர்டர் கொடுத்தார். ஈட்டிக் கதவு, அதில் பாலை மரத்தில் மல்லிகைக் கொடி, கீழிருந்து மேல் வரை பூ. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. வெயில் காலத்தில் அறுத்து, நிழலில் உலர்த்தி, அத்தனை பூவும் ஒரே வெள்ளையாக வர வேண்டும் என்று பொறுக்கி எடுத்த பலகை அது. பூக்களுக்கே அது சரியாகப் போய்விட்டது. ஒரு பூ கெட்டால் மாற்றிப் போட மிச்சம் கிடையாது.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் பதிப்பு முடிந்தது. அன்று சாயங்காலமே அரக்கு பாலிஷ் ஒரு கை கொடுத்து மரத்தின் வாயை மூடிவிடுவது வழக்கம். கலை வானத்தைப் பார்த்தாள். காற்றில் அவ்வளவு ஈரம். "இப்ப போட்டா பூத்துப்போவும் பாய். ஒரு நாள் காஞ்ச காத்து வரட்டும்" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஈரக் காற்றில் பாலிஷ் போட்டால் மேலே வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். கதவைக் கட்டைகளின் மேல் படுக்க வைத்து, மேலே துணி போர்த்தி, துணியின் ஓரங்களில் பலகைத் துண்டுகளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் பூசை. எங்கள் பட்டறையில் ஆயுத பூசை என்றால் ஏனோதானோ என்று நடக்காது. ரம்பத்துக்குப் பொட்டு, இழைப்புளிக்குப் பொட்டு, கம்ப்ரசருக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, முதலாளியின் காருக்குப் பெரிய பொட்டு. வாழைக்கன்று கட்டியது நான். வருஷா வருஷம் நான்தான் கட்டுவேன், மற்றவர்கள் கட்டினால் சாய்ந்துவிடும். பொட்டு வைப்பது முதலாளியம்மாவின் பொறுப்பு. மஞ்சளைக் குழைத்து வைத்து, அதன்மேல் வீட்டிலேயே இடித்த குங்குமம். கடைக் குங்குமத்தை அந்த அம்மா கையால் தொடமாட்டார்கள்.

நான் பொரி கடலைப் பொட்டலத்தோடு கிளம்பிய பிறகு மச்சானுக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. மச்சான் என்றால் முதலாளியம்மாவின் தம்பி. முதலாளி அப்படிக் கூப்பிடுவார், பிறகு பட்டறை முழுக்க அவருக்கு அதுவே பெயர். மேனேஜர் என்று அவரே ஒரு அட்டையில் எழுதி மேசைமேல் வைத்திருந்தார். அவருக்கு யோசனை வரும்போதெல்லாம் எங்களுக்கு வேலை ஜாஸ்தியாகும். கதவின் மேலிருந்த துணியை எடுத்து, "அக்கா, இவ்ளோ பெரிய வேலை, இதுக்கு வைக்கலைன்னா எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா பக்தியோடு ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்திருக்கும். மச்சான் அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். நிறைய பேர் கைகூப்பினார்களாம்.

விஜயதசமியும் அடுத்த ஞாயிறும் கழிந்து பட்டறையைத் திறந்தோம். மஞ்சள் காய்ந்து உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகக் கறை. வெறும் பாலை மரம், மூன்று நாள் அவகாசம். நிதானமாகக் குடித்திருந்தது. நான் சீவுகிற தகட்டை எடுத்து ஒரு ஓரப் பூவில் மெல்ல இழுத்துப் பார்த்தேன். போகவில்லை. ஆழமாகச் சீவினால் பூ பள்ளமாகிவிடும், அப்புறம் அது மல்லிகை இல்லை, சாப்பாட்டுத் தட்டு.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மச்சானுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"சோப்புத் தண்ணி போட்டுத் தொடைங்க, போயிடும்" என்றார் கலையிடம்.

"வெறும் மரம் சார். தண்ணி காட்டக் கூடாது."

"நான் சொல்றேன் இல்ல? மாமா வர்றதுக்குள்ள க்ளீன் பண்ணுங்க."

நான் "வேணாம்" என்று சொல்லி எழுந்து வருவதற்குள் அவர் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் ஒரு பூவை ஒற்றினாள். பக்கத்துப் பூவையும் ஒற்றினாள். அப்படியே கையை எடுத்துவிட்டாள். மஞ்சளாக இருந்த இரண்டு வட்டமும் எங்கள் கண் முன்னால் சிவந்தன. வெற்றிலைச் சாறு துப்பின மாதிரி ஒரு சிவப்பு. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆரத்தி கரைக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரியும். சோப்பும் அதே வேலையைத்தான் செய்யும். அந்த நேரத்தில் அது எங்கள் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

முதலாளி உள்ளே வந்தது அப்போதுதான். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பட்டறையில் ஏதாவது கெட்டுப்போனால் உளி, சுத்தியல் எதற்கும் முன்னால் வெளியே வருவது ஆள்காட்டி விரல்தான். அவர் கதவைப் பார்த்தார். கலையின் கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தார். இது எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

"யாரு தொடைச்சது?" என்றார்.

"நான்தான் சார்."

மச்சான் போனில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார். சொல்லுவார் என்று கொஞ்சம் பார்த்தேன். சொல்கிற மாதிரி தெரியவில்லை.

நான் சொன்னேன். "முதலாளி, கறை தொடைச்சதால வரல. பொட்டு வச்சது ஊறியிருக்கு. சோப்பு போடச் சொன்னது மச்சான். கலை வேணாம்னுதான் சொல்லுச்சு."

"பாய், பூசையப் பத்தி நீங்க பேசாதீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மறைக்க ஒன்றுமில்லை, நல்ல கோபம் வந்தது. நான் பூசையைப் பற்றிப் பேசவே இல்லை, மரத்தைப் பற்றிப் பேசினேன். வாசலில் என் கையால் கட்டிய வாழைக்கன்று இன்னும் வாடாமல் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் பேச்சு எங்கோ போய்விட்டது. நான் இன்னும் ஒரு வாக்கியம் பேசினால் கறையை எல்லோரும் மறந்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அதனால் கலைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வாயை மூடினேன்.

"கதவு சரியாவுற வரைக்கும் நீ வர வேணாம்" என்று அவளிடம் சொன்னார் முதலாளி. சரியாகாவிட்டால் என்ன என்று சொல்லவில்லை, அது எல்லோருக்கும் புரிந்தது. அவள் கையைக் கழுவி, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு பட்டறையில் டாக்டர்கள் பெருகினார்கள். ஒருவர் வெள்ளை பெயின்ட் என்றார். ஒருவர் பூவையெல்லாம் நோண்டி எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பதிக்கலாம் என்றார். மச்சான் குடிகாட்டுப் பக்கம் கெமிக்கல் கம்பெனியில் இருக்கும் நண்பரிடம் சொல்லி ஒரு தண்ணீர் பாட்டிலில் எதையோ வாங்கி வந்தார். மேலே பெயர் இல்லை, மூடியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வந்தது.

"எந்தக் கறையா இருந்தாலும் போயிடும் பாய்."

"கதவும் போயிடுமா?" என்றேன்.

பூவுக்கு ஆகாது என்று கழித்த பாலைத் துண்டில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினேன். மரம் பச்சையும் பழுப்புமாகப் பொரிந்தது. அந்த பாட்டில் பிறகு கழிவறைக்குப் போனது, அங்கே நன்றாக வேலை செய்தது.

இந்த இடத்தில்தான் தொழில்காரனின் புத்தி வேண்டும். எல்லோரும் அவசரப்படுத்தும்போது அசல் மரத்தைத் தொடாதீர்கள். கழித்த துண்டில் அதே கறையை முதலில் நீங்களே உண்டாக்குங்கள். உண்டாக்கத் தெரியாத கறையைப் போக்கவும் தெரியாது. எனக்கு அதே மஞ்சளும் அதே குங்குமமும் வேண்டும். கடையில் வாங்கினால் ஆகாது. நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன்.

"எதுக்கு பாய் குங்குமம்?" என்று முதலாளியம்மா ஆச்சரியப்பட்டார்கள். நியாயமான ஆச்சரியம்தான்.

விஷயத்தைச் சொன்னேன். பூசை என்ற சொல்லே வராமல், மரம், ஈரம், சோப்பு என்று சுற்றிச் சுற்றிச் சொன்னேன். அந்த அம்மா நான் முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. "அய்யய்யோ, நான் வச்சதா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்கள். கையில் மஞ்சள் கிண்ணத்தோடு ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தது. பட்டறையில் துண்டுப் பலகைமேல் மஞ்சளைத் தடவி, சோப்புத் தண்ணீர் தொட்டேன். சிவந்தது. அவர்கள் எலுமிச்சையைப் பிழிந்தார்கள். மறுபடி மஞ்சளானது.

"சிவப்பு போச்சு. மஞ்சள என்ன பண்றது?" என்றேன்.

"வெயில்ல வச்சா போயிடும் பாய். பொடவையில மஞ்சக் கறை பட்டா வெயில்லதான காயப் போடுவோம். உங்க வூட்ல கேட்டிருந்தா அவுங்களே சொல்லியிருப்பாங்க."

கேட்டிருக்கலாம். பிரியாணிக்கு உட்காரும் ஒவ்வொரு முறையும் என் சட்டைக்கு அதுதான் நடக்கிறது, நான்தான் எங்கே காய்கிறது என்று பார்த்ததில்லை.

பிறகு அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார்கள். "கலை எங்க?"

முதலாளி கணக்கு மேசையில் இருந்தார். நானே சொன்னேன். அந்த அம்மா நேராக மேசைக்குப் போனார்கள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் பேசினார்கள்.

"பொட்டு வச்சது நான். தொடைக்கச் சொன்னது என் தம்பி. அந்தப் பொண்ண ஏங்க அனுப்புனீங்க?"

"நீ வூட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி.

பார்த்துக்கொண்ட விதம் இது. மச்சானை விட்டுக் கலைக்குப் போன் பண்ண வைத்தார். மச்சான் என் பக்கத்தில் நின்றுதான் பேசினார். "மாமா கோவம் போயிடுச்சு, மன்னிச்சிட்டாரு, நாளைக்கு வாங்க." ஒரு குற்றவாளி இன்னொருவருக்கு மன்னிப்பு வாங்கித் தருவதை அன்றுதான் நான் நேரில் கேட்டேன். கலை வந்தாள். வராமல் என்ன செய்வாள்?

கதவில் சிவந்த இரண்டு பூவிலும் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்து மஞ்சளாக்கிவிட்டு, வெயிலுக்கு அலைந்தோம். ஐப்பசியில் கடலூரில் வெயில் தேடுவது எப்படி என்று வீடியோ இருந்தால் எனக்கும் அனுப்புங்கள். அதிலும் கதவு முழுக்க வெயிலில் காயக் கூடாது, ஈட்டி சூடேறினால் பசை விட்டுப் பூக்கள் எழும்பிவிடும். கலை கெட்டி அட்டையில் ஒவ்வொரு பூவுக்கும் ஓட்டை வெட்டி, கதவின்மேல் போர்த்தி, பூ மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்தாள். மேகம் விலகினால் ஆளுக்கு ஒரு மூலை பிடித்துக் கதவை வெளியே தூக்குவோம். தூறினால் உள்ளே. ஜங்ஷனுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "கதவுக்கு என்ன பாய், சளியா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். சளி என்றால் சுக்குக் கஷாயத்தோடு போயிருக்கும்.

மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்தது. வட்டங்கள் மங்கி, தேடிப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்து, பிறகு தேடினாலும் தெரியவில்லை. மிச்சத்தைக் கலை தகட்டால் காகித கனத்துக்குச் சீவி எடுத்தாள். ஒரு மதியம் காற்று காய்ந்தது. உடனே அரக்கு பாலிஷை ஏற்றினாள். அது காய்ந்ததும் மேலே இன்னொரு கை, அதற்கு மேலும் ஒரு கை. அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. வேலை மட்டும் எப்போதும் போலச் சுத்தமாக இருந்தது.

குட்டியானை வண்டியில் கதவை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போனோம். வழியில் ஏதாவது உரசினால் சரி செய்ய நானும் கலையும் பின்னால், முதலாளி காரில். கதவை மாட்டியதும் கப்பல்காரர் பூக்களைத் தடவித் தடவிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அவருடைய சம்சாரம் வந்தார்கள், கையில் ஒரு கிண்ணம் நிறைய குழைத்த மஞ்சள். தலைவாசலுக்கு மஞ்சள் பூசாமல் எந்த வீட்டில் குடி போகிறார்கள்?

முதலாளி பாய்ந்தார். "அம்மா, கதவுக்கு மட்டும் வேணாம்மா."

"நல்ல நாளும் அதுவுமா மஞ்ச வைக்க வேணாங்கிறீங்களே?" என்று அந்த அம்மா முகம் சுளித்தார்கள்.

முதலாளி என்னைப் பார்த்தார். பூசையைப் பற்றி நான் பேசுவதில்லை என்பதால் நான் தெருவைப் பார்த்தேன்.

"வைங்கம்மா, ஒண்ணும் ஆவாது" என்றாள் கலை. அந்த அம்மா திருப்தியாக ஈட்டியிலும் பூவிலும் பட்டை பட்டையாகப் பூசிப் பொட்டு வைத்தார்கள். எல்லாம் முடிந்து அவர்கள் உள்ளே போனதும், பூவின் மேலிருந்ததைக் கலை காய்ந்த துணியால் துடைத்தாள். கீழே வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பாலிஷ் மரத்தின் வாயை நன்றாக மூடியிருந்தது.

முதலாளிக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பேச்சும் வந்தது. காபியோடு கப்பல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, கதவு பட்ட பாட்டை விவரித்தார். "இந்தப் பொண்ணு ஒரு தப்பு பண்ணிடுச்சு சார். வேற யாராவது இருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பாங்க. நான் மன்னிச்சு வேலை குடுத்தேன். மனுஷங்கதான சார்."

கலை துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"சார், நான் என்ன தப்பு பண்ணேன்?"

முதலாளி சிரித்தார். "அதான் முடிஞ்சுபோச்சேம்மா."

"நான் மன்னிப்பே கேக்கல சார். எதுக்கு மன்னிச்சீங்க?"

"முதலாளி, இப்பவாவது சொல்லிடுங்க" என்றேன் நான். "தப்பு கலை பண்ணலன்னு ஒரு வார்த்தைதான்." கப்பல்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். நேரமாகுது, கிளம்பலாம் என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குக் கீழேயும் நாளைக்கு நாலு பேர் வேலை பார்ப்பார்கள். பாலை மரத்துக்கு உடனே பாலிஷ் போட முடியாவிட்டால் பூட்டுப் போட்ட அறையில் வையுங்கள், அவ்வளவுதான் தொழில் ரகசியம். மற்றதற்கு ஒரு வாய் போதும். யார் மேல் பழி போட்டீர்களோ அவர் மேல் பழி இல்லை என்று அதே ஆட்கள் முன்னால் திறந்து சொல்ல வேண்டிய வாய். எங்கள் பட்டறையில் அது பேசத் தெரியாத வாய் இல்லை. ஊருக்கெல்லாம் பேசியது.

வண்டியில் திரும்பி முதுநகரில் இறங்கியதும் கலை பட்டறைக்குள் போனாள். தன் சீவுகிற தகடு, பாலிஷ் துணி, மாற்றுச் செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். நெல்லிக்குப்பத்தில் ஒரு பர்னிச்சர் கடையில் பேசி வைத்திருப்பதாக என்னிடம் மட்டும் சொன்னாள். சம்பளம் கம்மி, வீட்டுக்குக் கிட்ட. "வரேன் பாய்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை முதலாளி வந்தார். பாலிஷ் அறையை எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து கேட்டார்.

"ஏன் பாய் கலை வரல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.